புள்ளி வைத்த வீடுகள்

என் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'தாயின் தொழில்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. என் வேலை உத்தரவில் உள்ளபடி 'கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்' என்று எழுதினால் எழுத்து கட்டத்தைத் தாண்டி, தந்தையின் தொழிலுக்குள் போய்விடும். "சுகாதாரம்னு போடு, போதும்" என்றேன். ஊரில் அதைவிடச் சுருக்கம். "கொசுக்காரவுக வாராக" என்பார்கள்.

கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊராட்சியில் ஆறு சின்ன ஊர்கள். டெங்கு வராமல் இருக்க வீடு வீடாகப் போய், தண்ணீர் நிற்கும் இடத்தையெல்லாம் பார்க்க வேண்டும். புழு இருந்தால் கொட்டச் சொல்ல வேண்டும், கொட்ட முடியாத தொட்டி என்றால் மருந்து ஊற்ற வேண்டும். பிறகு சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டு அடுத்த வீடு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் இரண்டு மணிக்குள் ஐம்பது வீடு முடிக்கணும். கையில் டார்ச், மருந்துப் புட்டி, நோட்டு. கழுத்தில் அடையாள அட்டை. தலைக்கு ஒரு குடை, அதுவும் காற்றடித்தால் மேல்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் வீட்டிலேயே இருந்த எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. அடுத்தவர் வீட்டுக் கொல்லைப்புறத்தைப் பார்க்க அரசாங்கமே அனுமதி கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? யார் வீட்டில் மாடிக்கு மேலே பழைய டயர் கிடக்கிறது, யார் வீட்டு உரலில் போன மழைத் தண்ணீர் அப்படியே நிற்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சேரும் ஒரு தட்டு இருக்கிறது என்பதே பல வீடுகளில் தெரியாது. நான் டார்ச் அடித்துக் காட்டியதும், "எட்டு வருசமா இது எங்க வீட்டுலயா இருந்துச்சு?" என்று ஓர் அம்மா மாமியார், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி எல்லாரையும் கூட்டி வந்து காட்டினாள். இன்னொரு வீட்டில் நான் புட்டியைத் திறந்ததும், "ஊத்திராதீக, ஊத்திராதீக, உள்ள கெண்டை விட்டிருக்கேன்" என்று தொட்டிக்குக் குறுக்கே விழுந்து மறித்தார்கள். எட்டிப் பார்த்தால் நாலு கெண்டைக் குஞ்சுகள். ஒரு புழுகூட இல்லை. என்னைவிட அவை நன்றாக வேலை பார்த்தன.

எனக்கு ஜோடியாக வந்தவள் என்னைவிடப் பதினாலு வயது இளையவள். டிகிரி முடித்தவள், எனக்கு ஆறு மாதம் முன்பே வேலையில் சேர்ந்தவள். எங்களுக்கு மேலே இருந்த சுகாதார ஆய்வாளர், நோட்டில் கையெழுத்துப் போடும்போது "பெரியவ நோட்டு எது, சின்னவ நோட்டு எது?" என்று கேட்பார். அதனால் நான் பெரியவள், அவள் சின்னவள். அந்தப் பெயர்களே நிலைத்துவிட்டன.

முதல் வாரம் ஒரு வீட்டில் வெயிலுக்கு மோர் கொடுத்தார்கள். நான் சொம்பை வாங்கப் போனேன். சின்னவள் என் முழங்கையை இடித்தாள். "இப்பத்தான் டீ குடிச்சோம்ங்க" என்று எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும், "ஏன்டி, எப்ப டீ குடிச்சோம்?" என்றேன்.

"மணி ஒன்பதரைக்கா. இப்ப குடிச்சா பதினொரு மணிக்கு எங்கிட்டுப் போவீங்க?"

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. எங்கள் வீட்டில் கழிப்பறை இருக்கிறது. ஆனால் அது மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வழியில் இருந்த கருவேலங்காட்டையெல்லாம் வெட்டி மனை போட்டு, கொடியும் எல்லைக்கல்லும் நட்டு வைத்திருக்கிறார்கள். மிச்சம் இருப்பது தைலமரத் தோப்பு. அந்த மரம் நெடுநெடுவென்று மேலேதான் வளருமே தவிர ஓர் ஆளை மறைக்காது. எங்களோடு புகை மெஷின் தூக்கிக்கொண்டு வரும் அண்ணன் ஒருவர் உண்டு. அவருக்கு ஊரில் உள்ள வேலி எல்லாமே வசதிதான். பேசிக்கொண்டே வருவார், திடீரென்று காணாமல் போவார், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தபடி திரும்பி வருவார். எனக்கும் சின்னவளுக்கும் அவரைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும்.

சின்னவள் வைத்திருந்த சட்டம் எளிது. காலையில் அரை டம்ளர் காப்பி. அதற்குப் பிறகு இரண்டு மணி வரை வாயில் எதுவும் படக்கூடாது. மாதத்தில் அந்த மூன்று நாளில் முதல் நாள் லீவு. "லீவு போட்டா சம்பளம் புடிப்பாகளே" என்று கேட்டேன். "புடிக்கட்டும்க்கா. துணி மாத்த எடம் இல்லாம எட்டு மணியிலருந்து ரெண்டு மணி வரைக்கும் நடந்து பாருங்க, நீங்களே லீவு எழுதிக் குடுப்பீங்க" என்றாள். நடந்து பார்த்தேன். மறுமாதம் எழுதிக் கொடுத்தேன்.

பங்குனி வெயில் ஏறியபோது எனக்கு நீர்க்கடுப்பு வந்தது. முதலில் சூடு என்று நினைத்து வெந்தயத்தை விழுங்கினேன். பிறகு இடுப்பு வலி, குளிர்க்காய்ச்சல். என் வீட்டுக்காரர் தன் லோடு வண்டியிலேயே என்னை ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொண்டுபோய் இறக்கினார். அன்றைக்குப் பார்த்து வண்டி நிறைய வாழைத்தார். எனக்கும் தார்களுக்கும் ஒரே குலுக்கல்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார்.

"நெறயக் குடிப்பேன் மேடம்."

"நெறயன்னா?"

அவர் என் கழுத்து அட்டையைப் பார்த்தார். காய்ச்சலிலும் அதைக் கழற்றாமல் போயிருக்கிறேன். "டெங்கு வேலையா? அட, நம்ம ஆளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "காலைல இருந்து எத்தனை தொட்டியப் பாத்திருப்பீங்க? அத்தனை தண்ணியப் பாத்துட்டு ஒரு வாய் குடிக்கலயா?"

"குடிச்சா எங்க மேடம் போறது?"

அவர் மாத்திரைச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கிராமத்துல கேம்ப் போடுறப்ப நானும் அப்படித்தான். காலைல காப்பியோட சரி" என்றார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மூன்று லிட்டர் தண்ணீர் குடி என்று எழுதும் டாக்டரும் குடிப்பதில்லை, வாங்கிக்கொள்ளும் நானும் குடிப்பதில்லை. சீட்டை மடித்துக் கொடுக்கும்போது மட்டும் முகம் மாறிச் சொன்னார்: "சிரிச்சிட்டோம். ஆனா இது அடிக்கடி வந்தா கிட்னியப் புடிக்கும். எங்கயாச்சும் கேட்டுப் போங்க. கூச்சப்படாதீங்க."

கூச்சப்படாமல் கேட்பது எப்படி என்று வீட்டில் படுத்தபடியே ஒத்திகை பார்த்தேன். 'அம்மா, உங்க வீட்டுப் பாத்ரூமக் கொஞ்சம் பயன்படுத்திக்கலாமா?' இதில் 'பயன்படுத்திக்கலாமா' என்பது மேடையில் பேசுகிற மாதிரி இருந்தது. 'கொஞ்சம் போயிட்டு வரட்டுமா?' என்றால், எங்கே என்று கேட்பார்கள். ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, பத்தே முக்காலுக்கு ஒரு வீட்டில் வாயைத் திறந்தேன். அந்த வீட்டம்மா ரொம்ப நல்லவர். உடனே, "போத்தா, போத்தா, அதுக்கென்ன, பின்னாடி இருக்கு" என்றார். பின்னால் போனால், அரசுத் திட்டத்தில் கட்டிக் கொடுத்த கழிப்பறைக்குள் கூரை வரைக்கும் விறகு. "அடடே, மழைக்கு நனையுதுன்னு அடுக்குனோம்ல" என்று அவரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வீட்டுக் கழிப்பறையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்ததும் அது கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு பார்த்த பார்வையில், தப்பு என் பேரில்தான் என்று தோன்றியது. பதினொன்றே காலுக்கு ஓட்டமும் நடையுமாகச் சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போனேன்.

அது புது வீடு. டைல்ஸ் போட்ட தரை. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். அந்த அம்மா என்னை உள்ளே அழைத்துப் போய்ச் சுவிட்சைப் போட்டுக் காட்டினார். நல்ல தண்ணீர், நல்ல வெளிச்சம், கதவுக்குப் பின்னால் துண்டு. அன்றைக்கு எனக்கு அது அரண்மனை. வெளியே வந்து, "நீயும் போயிட்டு வா" என்று சின்னவளிடம் சொன்னேன். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நீ எந்தத் தெரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

சின்னவள் சொன்னாள்.

"தண்ணி நின்னுபோச்சுத்தா. மோட்டார் ரிப்பேரு" என்றார் அந்த அம்மா. சிரித்த முகம் மாறவே இல்லை. என் கை இன்னும் ஈரமாக இருந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உண்மை. சுவரில் தேதி எழுதினேன், நோட்டில் குறித்தேன், செருப்பைப் போட்டேன். அடுத்த வீட்டுக்குப் போகும் வழியில், "அக்கா, நீங்க போயிக்கிட்டு இருங்க. எனக்குப் பழக்கந்தான்" என்று சின்னவள் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே, மூடியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். அன்று மீதி முப்பது வீட்டையும் எப்படிப் பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. ஒரு சட்டியில் புழு நெளிவதைப் பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதியிருக்கிறேன். அவள்தான் திருத்தினாள்.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவளிடம் சொன்னேன்: "இனிமே நீ கேளு. நீ போயிட்டு வந்தா நான் போறேன். இல்லாட்டி வேணாம்."

"இதுக்கெல்லாம் என்னத்துக்குக்கா சபதம்?"

"சபதமெல்லாம் இல்ல. எனக்கு நேத்துச் சோறு எறங்கல."

அவள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். "சரி, ஆனா ஒண்ணு" என்றாள். "எங்க தெருவுல எங்க சித்தி வீட்டுல போகலாம். அங்க நீங்க வருவீங்களா?"

"நீ பாத்ரூமுன்னு எழுதி ஒட்டுனாப் போதும், பால்வாடி பிள்ளைக மாதிரி வரிசையில நிப்பேன்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சித்தி வீட்டில்தான் எங்கள் பட்டியல் தொடங்கியது.

இரண்டு பேரும் போகலாம் என்று உறுதியான வீட்டுக்கு நோட்டில் கதவு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்தோம். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது எந்த வீட்டைக் காலை பத்தரைக்கும், எந்த வீட்டைப் பன்னிரண்டரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட வசதியாக இருந்தது. ஒரு மாதத்தில் ஆறு ஊரிலும் சேர்த்துப் பதினொரு புள்ளி. எல்லாமே நாங்கள் எதிர்பாராத வீடுகள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருந்த ஓர் அக்கா, "எப்ப வேணாலும் வாங்க, கேக்கவே வேணாம்" என்று கதவைக் காட்டிவிட்டு ஜாக்கெட் கை வெட்டுவதைத் தொடர்ந்தாள். ஒரு கிறிஸ்தவ டீச்சரம்மா பள்ளிக்கூடம் போகும்போது கொல்லைக்கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டுப் போவார். தனியாக இருந்த ஒரு பெரியவர், நாங்கள் கேட்டதும் வீட்டை விட்டு இறங்கிப் போய் ரோட்டில் நின்றுகொண்டார். நாங்கள் கூச்சப்படக் கூடாதாம். அதோடு நிற்காமல், தான் ரோட்டில்தான் நிற்பதாக எங்களுக்குத் தெரிவிக்க, போகிற வருகிற ஆடுகளையெல்லாம் உரக்கத் திட்டிக்கொண்டே இருப்பார். அவர் ஆடுகளைத் திட்டத் தொடங்கினாலே பக்கத்து வீடுகளுக்கு, 'கொசுக்காரவுக வந்துட்டாக' என்று தெரிந்துவிடும்.

என் உடம்பு தேறியது. சின்னவள் மோர் கொடுத்தால் மறுக்காமல் குடிக்கப் பழகினாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஆய்வாளர் நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகிற வரைக்கும்.

ஆவணி மாதம் பக்கத்து ஊராட்சியில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. ஆய்வாளர் பதற்றக்காரர். எல்லார் நோட்டையும் வாங்கிக்கொண்டு போய் வரி வரியாகப் பார்த்திருக்கிறார். எங்கள் நோட்டில் பதினொரு வீட்டுக்குப் புள்ளி இருந்தது. புழு இருந்ததாகக் குறிப்பு இல்லை, ஆனால் புள்ளி இருக்கிறது. புழு இருக்கும் வீடுகளை மேலே சொல்லாமல் நாங்கள் மறைக்கிறோம் என்று முடிவு செய்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரோ காலை ஏழு மணிக்கே புகை மெஷின் அண்ணனை அனுப்பிவிட்டார்.

நாங்கள் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தபோது தையல் அக்கா வீடு மேகத்துக்குள் இருந்தது. மெஷின் டுர்ரென்று கத்துகிறது. அக்கா கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருமியபடி வெளியே ஓடி வருகிறாள். எங்களைப் பார்த்ததும், "ஏத்தா, என் வீட்டுல மட்டும் என்னத்தா கண்டீக? தெருவுல ஒருத்தி வீட்டுக்கும் இல்லாத புகை எனக்கு மட்டும் என்னத்துக்கு?" என்று கேட்டாள். அண்ணன் கையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் பதினொரு கதவு எண். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சின்னவளைப் பார்த்தேன். அவள் வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நிப்பாட்டுங்க. நிப்பாட்டுங்கன்னு சொல்றேன்ல!" என்று கத்தினேன்.

"சார் சொல்லாம நான் நிப்பாட்ட மாட்டேன். அடுத்து அந்தப் பெரியவர் வீடு."

சின்னவளை அவரைத் தடுக்க ஓடவிட்டு, நான் ஆய்வாளருக்குப் போன் போட்டேன். "நேர்ல வாங்க சார்" என்றேன். அரை மணியில் மோட்டார் சைக்கிளில் வந்தார். வேப்பமரத்தடியில் நின்றபடி, "என்னம்மா இது, மறைக்கிற வேலையெல்லாம்? காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது?" என்று ஆரம்பித்தார்.

"அது புழு இருக்குற வீடு இல்ல சார்."

"அப்பறம் என்ன வீடு?"

சின்னவள் மூச்சு வாங்க வந்து சேர்ந்திருந்தாள். அவள்தான் சொன்னாள். "நாங்க பாத்ரூம் போற வீடு சார்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். பிறகு திரும்பவும் கழற்றி டேங்க் மேல் வைத்தார். பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். இந்தப் பதிலை யாரும் அவருக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது. காது வரைக்கும் சிவந்துவிட்டது. "இத எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா" என்றார் கடைசியில்.

"எப்படி சார் சொல்றது?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். "வாற வியாழக்கிழமை ஒன்றிய ஆபீஸ்ல கூட்டம் இருக்கு. பெரிய அதிகாரிங்க வாராங்க. நான் சொன்னா, இவனுக்கு ஏன்டா இந்தக் கவலைன்னு சிரிப்பாங்க. நீங்க வந்து சொல்லுங்க. நான் பின்னாடி நிக்கிறேன்."

கிளம்பும் முன் தையல் அக்காவிடம் போய், கை கூப்பி மன்னிப்புக் கேட்டார். அவள், "அதனால என்ன சார், ஒரு மாசத்துக்கு எனக்குக் கொசுக்கடி இல்ல" என்றாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் நல்ல சேலை கட்டிப் போனோம். பதினோரு மணிக்குக் கூட்டம் என்றார்கள், பன்னிரண்டரைக்குத்தான் ஆரம்பித்தது. அந்த அலுவலகத்திலேயே பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் லீவு. அதனால் நான் எழுந்து நின்றபோது என் பேச்சில் உண்மை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. "சார், மேடம்... நாங்க காலைல எட்டு மணிக்குப் போனா ரெண்டு மணி வரைக்கும் ஒண்ணுக்குப் போக எடம் இல்லைங்க" என்றேன். ஒண்ணுக்கு என்கிற சொல் அந்த ஹாலில் விழுந்ததும், ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் பேனாவை ஆராய்ந்தார். உட்கார்ந்துவிடலாமா என்று பார்த்தேன். அப்போது நடு வரிசையில் இருந்து எங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியர் எழுந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி உள்ளவர். "அவ சொல்றது சரிதாங்க. நான் இருபத்தஞ்சு வருசமா அடக்கிக்கிட்டுத்தான் தடுப்பூசி போடுறேன்" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் எழுந்தார். பிறகு மருந்து மாத்திரை கொண்டுபோய் வீட்டில் கொடுக்கும் பெண்கள் இரண்டு பேர். எனக்குச் சிகிச்சை பார்த்த டாக்டர் எழவில்லை, ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கி, "நானும்" என்றார்.

மேடையில் இருந்த பெண் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஒவ்வொரு ஊர்லயும் அங்கன்வாடியிலயோ சமுதாயக் கூடத்துலயோ கழிப்பறை கட்டியிருக்கே. அது என்ன ஆச்சு?"

"பூட்டிருக்கு மேடம்" என்றோம் எல்லாரும் ஒரே குரலில், பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.

"மொதல்ல இந்த ஆபீஸ்ல பூட்டியிருக்கறதத் திறங்க" என்றார் அவர். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது, அவரும் காலையில் இருந்து இங்கேதான் இருக்கிறார்.

அதற்காக அடுத்த நாளே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஆறு ஊரில் மூன்றில் சாவி கிடைத்தது. ஒன்றில் பூட்டு துருப்பிடித்து உடைக்க வேண்டியிருந்தது. ஒன்றில் கதவே இல்லை. ஓர் ஊரில் ஊராட்சிக்காரர், "எழுத்துல உத்தரவு வரட்டும் பாப்போம்" என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். டைல்ஸ் போட்ட வீட்டில் இன்றைக்கும் மோட்டார் ரிப்பேர்தான். அந்த வீட்டுத் தொட்டியைச் சின்னவள் மற்ற வீட்டுத் தொட்டியைப் பார்ப்பது போலவே பார்ப்பாள். புழு இருந்தால் இருக்கிறது என்பாள், இல்லாவிட்டால் இல்லை என்பாள். நானாக இருந்தால் அவ்வளவு நியாயமாக இருந்திருக்க மாட்டேன்.

முதல் சாவி கிடைத்த அங்கன்வாடியில் கழிப்பறையைத் திறந்த அன்று ஒரு வேடிக்கை. உள்ளே ஒரு நீல நிற டிரம், பாதித் தண்ணீர். பழக்க தோஷத்தில் சின்னவள் டார்ச் அடித்தாள். நாங்கள் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு புழுவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கொதிக்கிற அரிசி மாதிரி இருந்தது. அரசாங்கம் எங்களுக்குக் கொடுத்த இடத்தை அரசாங்கத்துக்கே புகாராக எழுதினோம். டிரம்மைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஒரு பழைய வேட்டியை அதன் வாய்க்குக் கட்டினோம். அங்கன்வாடி டீச்சர் பினாயிலும் துடைப்பமும் கொடுத்தார். ஆய்வாளர் தன் செலவில் ஓர் உள்தாழ்ப்பாள் வாங்கி வந்து, யாரிடமும் கொடுக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் கணக்கில் எடுக்காதது நூறு நாள் வேலைப் பெண்களை. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துவாரியில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள் பூட்டைத் திறப்பதைப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் பன்னிரண்டு பேர். "என்னத்தா, இது கொசுக்காரவுகளுக்கு மட்டுந்தானா?" என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஓர் அம்மா கேட்டபோது, இல்லை என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? சாவி யாரிடம் இருப்பது, யார் கழுவுவது என்று ஒரு வாரம் ஒரே சத்தம். சின்னவளின் தெருவான வடக்குத்தெருவில் ஒருத்தி கழுவினதில் கிழக்குத்தெருக்காரி போக மாட்டாள் என்று ஒரு பேச்சு வந்தது. அப்போது சின்னவள் எழுந்து, "கழுவ முறை வைப்போம். முறையில வராதவுக போகவும் வேணாம். தெருவெல்லாம் சீட்டுல எழுத மாட்டேன், பேரு மட்டுந்தான்" என்றாள். அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. இரண்டு பேர் முறைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். நாலு நாள் வரப்போரம் ஒதுங்க இடம் தேடிப் பார்த்துவிட்டு, அவர்களும் பேர் கொடுத்தார்கள்.

போன ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. அங்கன்வாடி வாசல் சார்ப்புக்குக் கீழே ஏழெட்டுப் பேர் நனைந்த கோழிகளைப் போல நின்றிருந்தோம். நான், செவிலியர் அக்கா, தடுப்பூசிக்குப் பிள்ளை தூக்கி வந்த ஒருத்தி, தலையில் யூரியா சாக்கை மடித்துப் போட்ட நூறு நாள்காரர்கள். யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், திருமயம் பக்கம் எந்தக் கடையில் துணி மலிவு என்று பேச்சு ஓடியது. உள்ளே சின்னவள் இருந்தாள். திடீரென்று கதவுக்குள்ளிருந்து அவள் குரல்:

"டிரம்முல தண்ணி தீந்துபோச்சு! யாராச்சும் ஒரு கொடம் கொண்டாங்களேன்!"

"வெளிய இம்புட்டு மழை பெய்யுது, உள்ள தண்ணி இல்லையாம்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். மண்வெட்டி அம்மா சார்ப்பு ஓரத்தில் கொட்டிக்கொண்டிருந்த மழைநீருக்குக் குடத்தைப் பிடித்தார். செவிலியர் அக்கா தடுப்பூசிப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு இன்னொரு குடத்தைப் பிடித்தார். கிழக்குத்தெருக்காரி ஒருத்தி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"தொற கழுதை, தண்ணி கொண்டாந்துருக்கேன்" என்றாள். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வெளியே நீண்டு குடத்தை வாங்கிக்கொண்டது.